ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து வந்துவிட்டதா? ஆண்களின் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விந்துப் பரிசோதனை பற்றியவை. சிலர் ரிப்போர்ட்டையே போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த ஒன்றுக்கே பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை. கடிதங்களையும் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 31 வயது, மனைவிக்கு 27. குழந்தைக்காக முயற்சி செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. போன வாரம் விந்துப் பரிசோதனை செய்தேன். அளவு 2.2 மி.லி. எண்ணிக்கை ஒரு மி.லி.க்கு 13 மில்லியன். முன்னேறிச் செல்லும் அசைவு 28 சதவீதம். சரியான உருவம் 3 சதவீதம். கீழே ‘ஒலிகோ அஸ்தினோ டெரட்டோ ஸூஸ்பெர்மியா’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் டைஃபாய்டு வந்து படுத்திருந்தேன், இப்போது உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்குக் குழந்தையே பிறக்காதா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி டைஃபாய்டு பற்றியதுதான். அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு விந்தணு விதைக்குள் உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாள் ஆகிறது. அப்புறம் விதைக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் எபிடிடிமிஸ் என்ற மெல்லிய குழாயில் ஏறக்குறைய இரண்டு வாரம் நகர்ந்து, அங்கேதான் நீந்தப் பழகுகிறது. ஆக, இன்று கப்பில் விழும் விந்தணு மூன்று மாதத்துக்கு முன் தொடங்கியது. உங்கள் உடம்பு காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்த நாட்களில் பாதி வளர்ச்சியில் இருந்த அணுக்கள்தான் போன வாரம் லேபுக்குப் போயிருக்கின்றன. விதைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே உடம்புச் சூட்டைவிட இரண்டு, மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். பல நாள் கடுங்காய்ச்சல் அடித்தால் எண்ணிக்கையும் அசைவும் இறங்கும், பெரும்பாலும் தானாகவே ஏறிவிடும். எனவே காய்ச்சல் விட்டு முழுதாக மூன்று மாதம் போன பிறகு இன்னொரு தடவை எடுங்கள். அதுவரை இந்த ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

அந்த நீளமான பெயரைக் கண்டு பயப்படாதீர்கள். அது ஒரு நோயின் பெயர் இல்லை. எண்ணிக்கை குறைவு, அசைவு குறைவு, உருவம் சரியானவை குறைவு என்ற மூன்றையும் சேர்த்து எழுதினால் அப்படி வரும். ஏன் குறைந்தது என்பதை அது சொல்வதில்லை.

எவ்வளவு இருந்தால் ‘குறைவு’? ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் அச்சடித்திருக்கும் எண்கள் உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டிலிருந்து வருபவை. 2021-இல் வந்த ஆறாவது பதிப்புப்படி அளவு 1.4 மி.லி., எண்ணிக்கை ஒரு மி.லி.க்கு 16 மில்லியன், அதாவது 1.6 கோடி. மொத்த எண்ணிக்கை 39 மில்லியன், மொத்த அசைவு 42 சதவீதம், முன்னேறும் அசைவு 30 சதவீதம், சரியான உருவம் 4 சதவீதம். இந்த எண்கள் எப்படி வந்தன என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முயற்சி தொடங்கி ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களிடம், பல நாடுகளில், விந்து வாங்கிப் பரிசோதித்தார்கள். அவர்களைக் குறைவிலிருந்து அதிகம் வரை வரிசையாக நிறுத்தினால், குறைந்த முனையில் நிற்கும் ஐந்து சதவீதத்தினர் எந்த எண்ணுக்குக் கீழே இருக்கிறார்களோ அந்த எண்ணைக் கோடாகப் போட்டார்கள். அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஒரு வருடத்துக்குள் இயற்கையாகத் தந்தையாகும் நிலைக்கு வந்த நூறு பேரில் ஐந்து பேருக்கு எண்ணிக்கை இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. கோட்டுக்கு மேலே இருப்பவருக்குக் குழந்தை நிச்சயம் என்றும் இல்லை, கீழே இருப்பவருக்குக் கிடையாது என்றும் இல்லை. கீழே போகப் போக வாய்ப்பு குறையும், நாள் கூடுதலாக ஆகும். அவ்வளவுதான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம். 1999 பதிப்பில் இதே கோடு 20 மில்லியனில் இருந்தது. 2010-இல் 15 ஆக்கினார்கள், 2021-இல் 16. அன்று 17 மில்லியன் வந்த ஒருவர் குறைபாடு என்ற முத்திரையோடு வீட்டுக்குப் போயிருப்பார், இன்று போனால் தடித்த எழுத்தே இருக்காது.

எண்ணுவது எப்படி என்றும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நானும் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து எண்ணியவன். விந்தை அளந்து நீர்த்து, அணுக்கள் அசையாமல் இருக்கச் செய்து, நுணுக்கமான கட்டங்கள் கீறிய ஒரு கண்ணாடித் தகட்டில் விடுவோம். கட்டத்தின் இரண்டு பக்கக் கோடுகளில் தலை படிந்திருப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும், மற்ற இரண்டு பக்கங்களில் படிந்திருப்பதை விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே அணு இரண்டு கட்டத்திலும் எண்ணப்பட்டுவிடும். ஒரு துளியில் 200, தனியாக எடுத்த இன்னொரு துளியில் 200 எண்ணி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி 400 எண்ணினாலும் விடையில் பத்து சதவீதம் இப்படியோ அப்படியோ விலகல் இருக்கும். 100 மட்டும் எண்ணினால் அந்த விலகல் இருபது சதவீதம். உங்கள் 13 என்பது, அவசரமாக எண்ணிய லேபாக இருந்தால், 15 ஆகவும் இருக்கலாம், 11 ஆகவும் இருக்கலாம். இது போக, ஒரே மனிதருக்கு இந்த வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் எண்ணிக்கை வெகுவாக மாறும். அதனால்தான் முதல் ரிப்போர்ட் சரியில்லை என்றால் இரண்டாவது எடுக்காமல் நான் மருந்துச் சீட்டே எழுதுவதில்லை.

இன்னொன்றையும் போட்டுப் பாருங்கள். அளவு 2.2, எண்ணிக்கை 13, பெருக்கினால் மொத்தம் 28.6 மில்லியன். அதில் 28 சதவீதம் முன்னேறிப் போகிறது. ஆக, போய்ச் சேரும் தெம்புள்ள அணுக்கள் 8 மில்லியன், அதாவது 80 லட்சம். ஒரு வரியைத் தனியாகப் பார்த்துக் கலங்குவதைவிட இந்தப் பெருக்கல் கணக்கு நிலைமையைத் தெளிவாகக் காட்டும். குறைவுதான், பூஜ்யம் இல்லை.

இரண்டாவது ரிப்போர்ட்டும் இப்படியே வந்தால் நேரில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். விதைகளின் அளவு, அங்கே ரத்தக்குழாய் வீக்கம், இப்போது சாப்பிடும் மருந்துகள், தேவைப்பட்டால் ஹார்மோன் என்று பார்ப்பார்கள். கையால் தொட்டுப் பார்க்காமல், ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிப் பார்த்து மாத்திரை எழுதினால் இன்னொரு மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம், மனைவியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். இந்தச் சுமையை ஒருவர் மட்டும் தூக்க வேண்டிய அவசியம் இல்லை.

கேள்வி: எல்லாம் நார்மல், உருவம் மட்டும் 4 சதவீதம். அப்படியானால் என் விந்தணுக்களில் 96 சதவீதம் ஊனமா? பிறக்கும் குழந்தைக்குக் குறை வருமா?

பதில்: வராது. விந்தணுவின் உருவத்துக்கும் குழந்தையின் உருவத்துக்கும் சம்பந்தம் இல்லை.

இந்த அளவுகோல் மிகவும் கறாரானது. தலை வழுவழுப்பான முட்டை வடிவில் இருக்க வேண்டும், தலையின் முன்பகுதித் தொப்பி இத்தனை சதவீதத்தை மூடியிருக்க வேண்டும், வால் தலையைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு நீளம், நடுவில் முறிவு கூடாது. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் ‘சரியில்லை’ என்ற பக்கத்தில்தான் சேர்க்க வேண்டும் என்பது விதி. ஆரோக்கியமான தந்தைகளுக்கே பெரும்பாலான அணுக்கள் இந்தத் தேர்வில் தேறுவதில்லை. 4 சதவீதம் என்பது கோட்டின் மேலேயே இருக்கிறது, உங்கள் ரிப்போர்ட் நார்மல். உருவத்தை ஒருவர் 3 என்பார், பக்கத்து மேசையில் இருப்பவர் 6 என்பார், அந்த அளவுக்கு ஆளுக்கு ஆள் மாறும் கணக்கு இது. உருவம் மட்டும் குறைவாக வந்த காரணத்துக்காக யாராவது நேராக ஐ.வி.எஃப். என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி: என் வயது 34. ரிப்போர்ட்டில் ‘விந்தணு இல்லை’ என்று வந்திருக்கிறது. அளவு 3 மி.லி. இருக்கிறது. உறவில் எந்தக் குறையும் இல்லை. முதல் தடவை போனபோதே, வேறொருவரின் விந்தணுவைப் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்ததே நினைவில்லை. இனி வழியே இல்லையா?

பதில்: உங்களுக்கு அப்படி ஒரே மூச்சில் சொல்லியிருக்கக் கூடாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆண்கள் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்த நிலை இருக்கிறது. விந்தில் அணுக்களின் பங்கு மிகக் கொஞ்சம். மீதியெல்லாம் விந்துப் பையும் பிராஸ்டேட்டும் சுரக்கும் திரவம். அதனால் அளவு சரியாக இருக்கும், உறவு சரியாக இருக்கும், அணு மட்டும் இருக்காது. ஆண்மைக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

முதல் வேலை, பூஜ்யம் என்பது உண்மையிலேயே பூஜ்யமா என்று பார்ப்பது. விந்தை மையவிலக்கில் சுழற்றி, அடியில் படியும் வண்டலை எடுத்து முழுவதும் தேட வேண்டும். ஒரு துளியைப் பார்த்து ‘இல்லை’ என்று எழுதிய ரிப்போர்ட்டை நான் ஏற்பதில்லை. வண்டலில் நாலைந்து அணு கிடைத்து வாழ்க்கையே மாறிய தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நாலைந்தை அப்போதே உறையவைத்துப் பாதுகாக்கலாம். எனவே வண்டல் பார்க்கும் லேபில், சில வார இடைவெளியில் இன்னொரு தடவை எடுங்கள்.

அப்போதும் இல்லையென்றால் கேள்வி இதுதான்: உற்பத்தி நடக்கிறது, ஆனால் வழி அடைபட்டிருக்கிறதா? அல்லது உற்பத்தியே குறைவா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. விதைகள் நல்ல அளவில் இருந்து, எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் சரியாக இருந்தால் அடைப்பு என்று யோசிப்போம். பழைய தொற்று, குடலிறக்க அறுவை சிகிச்சையில் குழாய் பட்டது, இப்படிக் காரணம் இருக்கலாம். சிலருக்கு விந்துக் குழாயே பிறவியில் உருவாகியிருக்காது. அவர்களுக்கு அளவு மிகக் குறைவாகவும் விந்து அமிலத் தன்மையோடும் இருக்கும், விதைப்பையைத் தொட்டாலே குழாய் தட்டுப்படாது. உங்களுக்கு 3 மி.லி. இருப்பதால் இந்த வகைக்கு வாய்ப்பு குறைவு. ஒருவேளை அதுதான் என்றால் சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணுவை உங்களுக்கும் மனைவிக்கும் பார்த்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும், குழந்தையின் நுரையீரலைப் பாதிக்கும் நோய் அதோடு தொடர்புள்ளது. அடைப்பு என்றால் விதையிலோ எபிடிடிமிஸிலோ ஊசி மூலமே அணுக்களை எடுத்துவிடலாம். சில அடைப்புகளை அறுவை சிகிச்சையில் சரிசெய்து, இயற்கையாகவே கருத்தரிக்கவும் வைக்கலாம்.

விதைகள் சிறுத்து, எஃப்.எஸ்.எச். மிக அதிகமாக இருந்தால் உற்பத்திக் குறைவு. குரோமோசோம் பரிசோதனையும், ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற பரிசோதனையும் கட்டாயம் செய்ய வேண்டும். விடுபட்டது ‘ஏ’ அல்லது ‘பி’ பகுதி முழுவதும் என்றால் விதைக்குள் தேடுவதில் பலன் இல்லை, அந்த அறுவை சிகிச்சையின் வலியும் செலவும் உங்களுக்கு வேண்டாம். ‘சி’ பகுதி என்றால் பலருக்கு அணு கிடைக்கிறது. ஆனால் மகன் பிறந்தால் அவனுக்கும் அதே குறை போகும், அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். மற்றபடி, விதையைத் திறந்து மைக்ராஸ்கோப்பின் கீழ் ஒவ்வொரு இழையாகப் பார்த்து, கொஞ்சம் தடித்து வெளுப்பாகத் தெரியும் இழையை மட்டும் எடுத்துத் தேடும் முறை இருக்கிறது. மைக்ரோ டீசி என்பார்கள். உற்பத்திக் குறைவு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதில் அணு கிடைக்கிறது. கிடைத்தால் இக்ஸி என்ற முறையில், லேபில் ஊசியால் ஒரு முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவைச் செலுத்தினால் போதும். அந்த முறையில் கருத்தரித்த செய்தி 1992-இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்தது. அதற்கு முன் உங்கள் நிலையில் இருந்தவர்களுக்கு எங்களால் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார மட்டுமே முடிந்தது.

பாதிப் பேருக்குக் கிடைக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அப்போது வேறொருவரின் விந்தணு, தத்து, இருவராகவே வாழ்வது என்ற வழிகளைப் பற்றிப் பேசலாம். அது உங்கள் இருவரின் முடிவு. எல்லாப் பரிசோதனையும் முடிந்து, நீங்கள் ஆற அமர யோசித்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு.

கேள்வி: ஜிம்மில் ஒருவர் சொல்லி டெஸ்டோஸ்டெரோன் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு வருடம் ஆகிறது. ரத்தத்தில் ஹார்மோன் நன்றாக இருக்கிறது. ஆனால் விந்தணு எண்ணிக்கை 1 மில்லியனுக்கும் கீழே. ஹார்மோன் அதிகமாக இருந்தால் விந்தணுவும் அதிகமாக வேண்டாமா? வயது 27.

பதில்: நேர்மாறாக நடக்கும். ஊசியில் வரும் ஹார்மோன் ரத்தத்தில் நிறைந்ததும், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ‘போதும்’ என்று தன் உத்தரவை நிறுத்திவிடும். அந்த உத்தரவு வந்தால்தான் விதை தன் சொந்த டெஸ்டோஸ்டெரோனைச் சுரக்கும். விதைக்குள் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக அது இருந்தால்தான் விந்தணு உருவாகும். ஊசியால் ரத்தத்தில் ஏற்றலாம், விதைக்குள் அந்த அளவுக்கு ஏற்ற முடியாது. வெளியே தசை பெருக்கும், உள்ளே விதை சுருங்கும். இந்த ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்து 1990-இல் முடிவை வெளியிட்டது. வாரம் ஒரு ஊசி போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் எண்ணிக்கை பூஜ்யத்துக்கே போய்விட்டது.

நல்ல செய்தி, நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வருகிறது. சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம், நீண்ட நாள் போட்டவர்களுக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம். நிறுத்தியதும் சில வாரம் சோர்வு, ஆசைக் குறைவு, மனச்சோர்வு வரும். அதைத் தாங்க முடியாமல் மறுபடி ஊசிக்கே போய்விடுகிறார்கள். ஆகவே மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள். விதையைத் தூண்டும் வேறு மருந்துகள் இருக்கின்றன. ஜிம்மில் தருகிற எந்த டப்பாவையும் ‘சப்ளிமென்ட்’ என்று நம்பி மறுபடி தொடங்காதீர்கள். இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்ற இளைஞர்களும் தயவுசெய்து கேளுங்கள். களைப்பு என்று போனால் குழந்தை வேண்டுமா என்று கேட்காமலே இந்த ஊசியை எழுதிக்கொடுப்பவர்கள் உண்டு. குழந்தை வேண்டும் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

கேள்வி: திருமணமாகி மூன்று வருடம். எனக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி எல்லாம் முடிந்துவிட்டது. எதிலும் குறை இல்லை. கணவர் மட்டும் பரிசோதனைக்கு வர மறுக்கிறார். ‘எனக்கு என்ன குறை’ என்கிறார். மாமியாரும் அவர் பக்கம். நான் என்ன செய்வது டாக்டர்?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. மயக்கமருந்து கொடுத்து உங்கள் வயிற்றில் துளை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கப்பில் பரிசோதித்து அன்றே முடித்திருக்க வேண்டிய வேலை மூன்று வருடமாக நடக்கவில்லை. முதல் நாளே இருவரையும் சேர்த்துப் பரிசோதித்திருக்க வேண்டும். குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது.

கணவரிடம் பேசும்போது ‘உங்களுக்குக் குறை இருக்கிறதா பார்க்கலாம்’ என்று தொடங்காதீர்கள். அவர் பயந்துபோயிருக்கிறார். மறுக்கும் ஆண்களில் பெரும்பாலோருக்கு உள்ளே இருப்பது பயம்தான். ‘என் ரிப்போர்ட் எல்லாம் வந்துவிட்டது, உங்களுடையதையும் சேர்த்து வைத்தால்தான் டாக்டரால் அடுத்த மருந்தை முடிவு செய்ய முடியுமாம்’ என்று சொல்லுங்கள். இது உண்மையும்கூட. அவர் சுயநலத்துக்காகவும் ஒரு விஷயம் சொல்லுங்கள்: விந்தணு மிகக் குறைவாக இருப்பதற்குப் பின்னால் சில சமயம் ஹார்மோன் குறைபாடு, அரிதாக விதையில் கட்டி என்று வேறு நோய் ஒளிந்திருக்கும். பரிசோதனை அவர் உடம்புக்காகவும்தான்.

அவர் ஒத்துக்கொள்ளும்வரை நீங்கள் இன்னொரு பரிசோதனைக்கோ சிகிச்சைக்கோ உடன்படாதீர்கள். உங்கள் மருத்துவரிடமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மாமியாரிடம், அடுத்த தடவை மருத்துவமனைக்கு அவரும் வரட்டும் என்று சொல்லுங்கள். நேரில் வந்தால் நானோ என் போன்ற ஒருவரோ அவருக்கு எடுத்துச் சொல்வோம்.

கேள்வி: விந்து தண்ணீர் மாதிரி இருக்கிறது. கெட்டியாக்க மருந்து வேண்டும். நாலு நாள், ஐந்து நாள் அடக்கிவைத்தால் சரியாகுமா?

பதில்: கெட்டிக்கும் எண்ணிக்கைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. வெளிவந்ததும் கட்டியாக இருந்து, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அது தானாக நீர்த்துவிடும். அப்படி நீர்த்தால்தான் அணுக்கள் நீந்த முடியும். ஒரு மணி நேரம் ஆகியும் நீர்க்கவில்லை என்றால்தான் ரிப்போர்ட்டில் குறித்துவைப்போம். மருந்து வேண்டாம், பரிசோதனை போதும். அடக்கிவைத்தால் எண்ணிக்கை கூடும், ஆனால் தேங்கிய அணுக்களின் அசைவு குறையும். கருத்தரிக்கக்கூடிய நாட்களில் தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ சேர்வது நல்லது.

கேள்வி: ஸ்கேனில் ‘வேரிகோசீல் கிரேடு 1’ என்று வந்திருக்கிறது. வலி இல்லை. எண்ணிக்கை, அசைவு எல்லாம் நார்மல். ஆபரேஷன் செய்யலாமா?

பதில்: வேண்டாம். காலில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டுகொள்வது போல விதைக்கு மேலேயும் நடக்கும், பெரும்பாலும் இடது பக்கம். ஆண்கள் நூறு பேரில் ஏறக்குறைய பதினைந்து பேருக்கு இது இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோர் தந்தைகள்தான். கையால் தொட்டு உணரும் அளவுக்குப் பெரிதாக இருந்து, விந்தணுவும் குறைந்து, குழந்தையும் தள்ளிப்போனால்தான் அறுவை சிகிச்சையில் பலன் எதிர்பார்க்கலாம். ஸ்கேனில் மட்டும் தெரிவதை வெட்டிப் பயனில்லை.

கேள்வி: எண்ணிக்கை கூட்ட துத்தநாகம், ஃபோலிக் ஆசிட், ஆன்டிஆக்ஸிடன்ட் என்று மூன்று விதமாக மாதக்கணக்கில் சாப்பிடுகிறேன். தொடரலாமா?

பதில்: பெரிய செலவு, சிறிய ஆதாரம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தம்பதிகளை வைத்து ஆண்களுக்கு ஃபோலிக் ஆசிட்டும் துத்தநாகமும் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. விந்தணுவும் மேம்படவில்லை, பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் கூடவில்லை. சாப்பிட்டவர்களுக்கு வயிற்று உபாதைதான் கொஞ்சம் அதிகம். அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். புகைப்பதை விடுங்கள், எடை அதிகமென்றால் குறையுங்கள், மடிக்கணினியைத் தொடைமேல் வைத்து மணிக்கணக்கில் வேலை செய்யாதீர்கள். மாற்றம் ரிப்போர்ட்டில் தெரிய மூன்று மாதம் ஆகும். மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் அந்த மூன்று மாதத்தைக்கூடச் சும்மா கழிக்காதீர்கள். அவருடைய பரிசோதனைகளையும் கூடவே செய்துவிடுங்கள்.

கேள்வி: மருத்துவமனையில் அந்த அறையில் கொடுக்கச் சொன்னார்கள். வெளியே ஆட்கள் பேசும் சத்தம், என்னால் முடியவில்லை. திரும்பி வந்துவிட்டேன். வீட்டிலிருந்து கொண்டுபோகலாமா?

பதில்: தாராளமாக. இது உங்களுக்கு மட்டும் நேர்வதில்லை. தினமும் யாராவது ஒருவர் அந்த அறையிலிருந்து தலைகுனிந்து வெளியே வருகிறார். நாங்கள் யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை.

கடைசியாக விந்து வெளியேறி குறைந்தது இரண்டு நாள், அதிகமாக ஏழு நாள் ஆகியிருக்க வேண்டும். லேப் கொடுக்கும் கப்பில்தான் எடுக்க வேண்டும், வீட்டு டப்பா கூடாது. சோப்பு, எண்ணெய், எச்சில், வழுவழுப்பு ஜெல் எதுவும் வேண்டாம், எல்லாமே அணுக்களின் அசைவைக் கெடுக்கும். சாதாரண ஆணுறையும் கூடாது. தனியாக எடுக்க முடியாதவர்களுக்கென்று அணுக்களைப் பாதிக்காத ஆணுறை இருக்கிறது, லேபில் கேளுங்கள். மனைவி கூட இருந்து உதவலாம். மூடியை இறுக்கி, சட்டைக்குள் உடம்பை ஒட்டியபடி வைத்துக்கொண்டு, எடுத்த நேரத்தை எழுதி, அரை மணி நேரத்துக்குள் கொண்டுபோங்கள். எப்படியும் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பனிக்கட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். முதலில் வரும் சொட்டுகளில்தான் அணுக்கள் அதிகம். அது கப்புக்கு வெளியே சிந்திவிட்டால் மறைக்காமல் லேபில் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் கொடுத்துக்கொள்ளலாம்.